பிரீதர் குழாயும் பின் சீட்டும்

வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. அதைக் கெடுத்தவன் நான். ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த எஞ்சினைப் பிரிச்சு, சிலிண்டரைக் குடைஞ்சு, பெரிய பிஸ்டனை உள்ள திணிச்சுட்டு, அப்புறம் சவம் எண்ணெயைக் கக்குதேன்னு ஊரெல்லாம் திட்டிக்கிட்டு அலைஞ்சேன். பேட்டையில லேத் பட்டறை வச்சிருக்கவனுக்குக் கை சும்மா கிடக்குமா? கிடக்காது.

பழைய 350 சிசி மோட்டார் சைக்கிள் அது, ஒத்தை சிலிண்டர். இருபது வருசத்துக்கு மேல என்கிட்ட கிடக்கு. பாளையங்கோட்டையில வீடு, பேட்டையில பட்டறை. போய் வர அது தாராளம். என் வீட்டுக்காரியை ஸ்ரீவைகுண்டத்துக்கு மாத்துற வரைக்கும் அதை நான் ஒரு ஸ்பானர் தொட்டு நோண்டுனதில்ல.

அவ டீச்சர். பக்கத்துத் தெருவுல ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் வேலை பாத்தா. மணி அடிக்கிற சத்தம் கேட்டுக் கிளம்புனாலும் நடந்தே போயிருவா. பிள்ளைங்க குறைஞ்சு போச்சு, டீச்சர் கூடிப்போச்சுன்னு கணக்குப் பாத்து, ரிட்டயர்டு ஆக ரெண்டே வருசம் இருக்கையில அவளைத் தூக்கி ஸ்ரீவைகுண்டத்துல போட்டுட்டாங்க. முப்பது கிலோமீட்டர். அவளுக்கு ரெண்டு முட்டும் தேஞ்சு கிடக்கு. ரொம்ப நேரம் நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு.

சாயங்காலம் பிரச்சினை இல்ல, பஸ்ஸு அங்கனயே கிளம்புது, உக்காந்து வந்துரலாம். காலையிலதான் ஆகாது. காலேஜ் பிள்ளைங்க, வாழைத்தோட்டத்துக்குப் போற ஆளுங்க, கூடை, தூக்குவாளின்னு பஸ்ஸுல கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மணி நேரம் கம்பியைப் பிடிச்சு நிக்கணும். ரயில் நேரமும் ஒத்து வரல. முதல் வாரம் போயிட்டு வந்து கட்டில்ல உக்காந்து முட்டுல வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கிட்டே சொன்னா, "வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுல இருங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நான் பாதியில வர மாட்டேன். ரெண்டு வருசந்தானே, எப்படியாவது ஓட்டிருவேன்"னு.

"எப்படியாவது என்ன எப்படியாவது? நான் கொண்டு விடுதேன்"னேன்.

அவ என் முகத்தை ஒரு மாதிரிப் பாத்தா. "தினமுமா?"

"பின்னே, வாரத்துக்கு ஒருநாளா? டீச்சர் கேக்க கேள்வியைப் பாரு."

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகவாவது தினமும் கொண்டு விடணும்னு தோணுச்சு. ஏழேகாலுக்குக் கிளம்பி, எட்டேகாலுக்கு அவளை இறக்கி விட்டுட்டு, திரும்பிப் பட்டறைக்கு வரும்போது மணி பத்து ஆயிரும். எனக்கும் அறுபது வயசு. இடுப்பு கழண்டுரும். ஆனா அதை நான் வெளிய சொல்லல.

ஆத்தோரம் போற ரோடு அது, வயக்காட்டுக் காத்து எதுத்து அடிக்கும். ரெண்டு பேரை வச்சுக்கிட்டு எஞ்சின் கொஞ்சம் முனகுச்சு. முனகத்தான் செய்யும், அதுக்கும் வயசாச்சுல்லா. அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் விடல. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு எஞ்சினை இறக்கிட்டேன். சிலிண்டரை லேத்துல ஏத்திக் குடைஞ்சேன். பிஸ்டன் பெருசாச்சு. திங்கக்கிழமை காலையில வண்டி காளை மாதிரி பாஞ்சுச்சு. "பைய போங்க, பைய போங்க"ன்னு அவ பின்னாடி இருந்து கத்துனா. எனக்கு அவ்வளவு பெருமை.

நாலாம் நாள் அவ சேலை ஓரத்துல புள்ளி புள்ளியாக் கறுப்பு எண்ணெய்.

காரணம் எனக்கு அப்பவே தெரியும். எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல போகும், கீழ வரும். கீழ வரும்போது அடியில இருக்கிற காத்தை அமுக்கும். அந்தக் காத்து இருக்கிற அறைதான் கிராங்க் கேஸ், எண்ணெயும் அதுக்குள்ளதான் கிடக்கு. அமுங்குன காத்து வெளிய போறதுக்கு ஒரு சின்னக் குழாய் உண்டு, பிரீதர்னு சொல்லுவோம். அதோட வாயில ரெண்டு உதடு ஒட்டுன மாதிரி ஒரு ரப்பர். காத்தை வெளிய விடும், திரும்பி உள்ள விடாது. வண்டியைச் செஞ்சவன் அந்த சிலிண்டருக்கு ஏத்த மாதிரி அந்தக் குழாயை வச்சான். நான் சிலிண்டரைப் பெருசாக்கிட்டு குழாயைப் பழைய படியே விட்டுட்டேன். பிஸ்டனைச் சுத்தி மாட்டுன புது ரிங்கு வேற சரியா உக்காராம, எரிஞ்ச புகையும் கீழ இறங்குது. இத்தனை காத்தும் அந்தச் சின்ன வாசல் வழியா முட்டி மோதி வரும்போது எண்ணெயையும் சாரலா இழுத்துட்டு வருது. அந்தச் சாரல் விழுற இடத்துலதான் அவ ஒருபக்கமாக் கால் போட்டு உக்காந்திருக்கா.

ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒருநாள் சேலையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சுக்கிட்டே, "ஏங்க, இதோட நாலு சேலை போச்சு. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் கேக்காங்க"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லல.

எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. "வண்டின்னா எண்ணெய் படத்தான் செய்யும். மனுசன் இடுப்பொடிய ஓட்டிட்டு வாரேன், அவளுக்கு சேலை பெருசாப் போச்சு. வேணும்னா நாளையில இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே போ"ன்னு கத்துனேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒண்ணு பைய சாத்துற சத்தம் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் பேசல. என் கோவம் அப்படி. கத்தி முடிஞ்சதும் அது போகாது, உள்ள போயி உக்காந்துக்கிடும். சோறு போட்டா தின்னேன். காலையில வண்டியை எடுத்தேன், அவ ஏறுனா, ஸ்ரீவைகுண்டத்துல இறக்கி விட்டேன். முப்பது கிலோமீட்டரும் வாயைத் திறக்கல. ஒரு வாரம் அப்படியே ஓடுச்சு. லேசுப்பட்ட காரியமில்ல, ஆனா கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு அது பழக்கம்.

அவ என்ன செஞ்சான்னா, பழைய மழைக்கோட்டு ஒண்ணை எடுத்து இடுப்புல இருந்து கால் வரைக்கும் சுத்திக்கிட்டு உக்கார ஆரம்பிச்சா. சித்திரை வெயில்ல மழைக்கோட்டு. செய்துங்கநல்லூர் பக்கம் டீ குடிக்க நிறுத்துனா, கடையில நிக்கவனெல்லாம் அவளைப் பாத்துட்டு என்னைப் பாப்பான். எனக்கு மானம் போச்சு. அதுக்கப்புறம்தான் பிரீதரைச் சரி பண்ணணும்னு உக்காந்தேன்.

முதல்ல ஒரு நீளமான ரப்பர் குழாயை மாட்டி, சேலைப் பக்கம் வராம, பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு தேங்காய் எண்ணெய் டப்பாவுக்குள்ள விட்டேன். டப்பாவுல எண்ணெய் தங்கிரும், காத்து மட்டும் மேல போட்ட ஓட்டை வழியா வெளிய போயிரும்னு கணக்கு. எங்க நடந்துச்சு? காத்து வர்ற வேகத்துக்கு எண்ணெய் எங்க தங்கும்? ஓட்டை வழியா அதுவும் சேந்துதான் தெறிச்சுது. இடம்தான் மாறுச்சு, எண்ணெய் குறையல.

அப்பத்தான் எனக்கு நூல் ஞாபகம் வந்துச்சு.

எங்க பக்கத்துப் பட்டறை எதுக்குள்ள போனாலும் ஒரு மூலையில ஒரு சாக்கு நூல் கிடக்கும். மேலப்பாளையத்துத் தறியில அறுந்து விழுற கழிவு நூல். அதுலதான் கை துடைப்போம், மிசின் துடைப்போம். குழாய் ஒழுகுனா அதைத்தான் சுத்துவோம், பாட்டில் மூடி இல்லைன்னா அதைத்தான் திணிப்போம். என் சேக்காளி ஒருத்தர் அங்கன தறி வச்சிருக்காரு. தறிச் சாமான் எதுவும் தேஞ்சா நான்தான் கடைஞ்சு கொடுப்பேன், அவரு மாசத்துக்கு ஒரு சாக்கு நூல் கொண்டு வந்து போடுவாரு. அன்னைக்கும் வந்திருந்தாரு.

"டப்பாவுக்குள்ள எதுக்கு வே நூலைத் திணிக்கீரு?"ன்னு கேட்டாரு.

"எண்ணெய் நூல்ல பிடிச்சுக்கிடும் பாய், காத்து மட்டும் வெளிய போகும்."

"வண்டிக்காரரு சொன்னா சரிதான்"னு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

வேலை செஞ்சுது! சும்மா சொல்லக்கூடாது, அருமையா வேலை செஞ்சுது. ஒரு பொட்டு எண்ணெய் வெளிய வரல. ஒரு வாரம் பாத்துட்டு அவ மழைக்கோட்டை மடிச்சு வச்சா. ரெண்டாம் வாரம் வெளிர் கலர்ல சேலை கட்டிக்கிட்டு ஏறுனா. மாசக்கணக்குல ஓடுச்சு. வாரத்துக்கு ஒருக்கா நூலைப் பிடுங்கிப் போட்டுட்டுப் புது நூலை வச்சுக்கிட்டு வந்தேன். "பரவால்லயே, ஐயா சாதிச்சுட்டீங்களே"ன்னு கேலி பண்ணுனா. எனக்குத் தலைகால் புரியல. ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கையில நாலு பேரைக் கூப்பிட்டு சீட்டைக் கழட்டி டப்பாவைக் காட்டுனேன். அவ தூரத்துல நின்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மழை பிடிச்சுக்கிட்டு. பட்டறையில வேலையும் நெருக்கி, ரெண்டு வாரம் நூலை மாத்தல.

அன்னைக்கு அவ பள்ளிக்கூடத்துல ஆய்வு. அதிகாரிங்க வாராங்க, எட்டரைக்கு முன்னால எல்லாரும் இருக்கணும்னு உத்தரவு. முந்தின நாளே சந்தனக் கலர்ல ஒரு பருத்திச் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்ச்சு வச்சிருந்தா. காலையில மழை இல்ல. வாசல்ல வந்து நின்னுக்கிட்டு வாட்ச்சைப் பாத்தா.

நான் எண்ணெய் அளவு பாக்கதுக்கு எஞ்சின் மூடியைத் திருகுனேன். முந்தின ராத்திரி பட்டறையில இருந்து வந்து நிறுத்துன வண்டியை அப்பத்தான் ஒரு நிமிசம் ஓட விட்டு அணைச்சிருந்தேன். மூடி பாதி கழண்டதுமே 'புஸ்'ஸுன்னு காத்து பீச்சுச்சு. கையெல்லாம் எண்ணெய்த் தூறல்.

அப்படிக் காத்து வரவே கூடாது. வந்தா, உள்ள அடைச்சுக்கிட்டு நிக்குன்னு அர்த்தம். நூல் அடைச்சுப்போச்சு. காத்துக்குப் போக வழியில்ல. வழியில்லாத காத்து எங்கயாவது பலமில்லாத இடத்தைத் தேடித்தான் போகும்.

சரி பண்ணுறது பெரிய வேலையில்ல. டப்பாவுல இருந்து குழாயை உருவி விட்டாப் போதும், ரெண்டு நிமிசம். ஆனா உருவி விட்டா பழையபடி எண்ணெய் தெறிக்கும். சந்தனக் கலர் சேலை. ஆய்வு. டப்பாவைக் கழட்டி நூலை மாத்தணும்னா கால் மணி நேரம் ஆகும், நேரம் கிடையாது. அவகிட்ட "இப்படி ஆயிட்டு, ஆட்டோ பிடிச்சுப் போ"ன்னு சொல்லலாம். அதுக்குக் கோயில் வாசல்ல நாலு பேருக்கு டப்பாவைக் காட்டுன வாய் வரணும்லா. வரல.

"என்ன, எதுவும் கோளாறா?"ன்னு கேட்டா.

"ஒண்ணுமில்ல, ஏறு."

இவ்வளவு தூரம் ஓடுனது இன்னும் ஒரு மணி நேரம் ஓடாதா, திரும்பி வந்து பாத்துக்கிடலாம்னு மூடியைத் திருகிட்டுக் கிளம்பிட்டேன்.

செய்துங்கநல்லூர் தாண்டுனதும் என் தோள்ல இருந்த கையால லேசாத் தட்டுனா. "ஏங்க, எண்ணெய் வாடை வருதே."

"முன்னால லாரி போகுதுல்லா, அந்த வாடை."

கொஞ்ச தூரம் போயி அந்த லாரி ஒரு செங்கச்சூளைப் பக்கம் திரும்பிட்டு. ரோட்டுல நாங்க மட்டுந்தான். "லாரி போயிட்டு. வாடை போகலயே"ன்னா.

"போன லாரி வாடை உடனே போயிருமா? சும்மா வா."

அதுக்கப்புறம் அவ கேக்கல. காலுக்குக் கீழ எஞ்சின் சத்தம் மாறுறது எனக்குத் தெரியுது. கணுக்கால்ல சூடா ஏதோ தெறிக்கது தெரியுது. இன்னும் பத்து கிலோமீட்டர், இன்னும் ஒம்பது கிலோமீட்டர்னு எண்ணிக்கிட்டே ஓட்டுதேன்.

கருங்குளம் தாண்டி ஒரு வளைவு. ஒருத்தன் வாத்துக் கூட்டத்தை ரோட்டுக்குக் குறுக்க ஓட்டிக்கிட்டிருந்தான். அது புதுசில்ல, அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்க வர்றவங்க தினமும் கடப்பாங்க. நான் வேகமாவும் வரல. பைய பிரேக்கை மிதிச்சேன், அவ்வளவுதான். பின் டயர் ரோட்டைப் பிடிக்கவே இல்ல. எஞ்சின் எண்ணெய் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், காத்து முட்டுனதுல பிதுங்கி வெளிய வந்து, எண்ணெய் அடியில வழிஞ்சு, காத்துல பின்னால அடிச்சு, டயர் முழுக்கப் பூசிக்கிடக்கு. வண்டி அப்படியே பக்கவாட்டுல போயிச் சாஞ்சுது.

"ஏசப்பா"ன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டேன்.

எந்திரிச்சதும் நான் முதல்ல எதைப் பாத்தேன்னு சொன்னா வெக்கக்கேடு. எஞ்சினைத்தான் பாத்தேன். ரெண்டாவது, வாத்துக்காரனைப் பாத்தேன். "கோட்டிக்காரப் பயலே, கண்ணு தெரியலயாலே உனக்கு?"ன்னு வாய்க்கு வந்தபடி வைதேன். அவன் கம்பைக் கீழ போட்டுட்டு என்னைத் தாண்டி ஓடுனான், அவளைத் தூக்குறதுக்கு. அதுக்கப்புறம்தான் நான் திரும்பிப் பாத்தேன். ரோட்டோரத்துல உக்காந்திருந்தா. வலது மணிக்கட்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. சந்தனக் கலர் சேலை இடுப்புல இருந்து கீழ வரைக்கும் கறுப்பு. அவ கையைப் பாக்கல, சேலையைப் பாக்கல, மணி என்னன்னு கேட்டா.

மணிக்கட்டு எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருந்துச்சு. தகடு வச்சுக் கட்டுப் போட்டாங்க. ரெண்டு மாசம் எழுதக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. லீவு போட்டா. பாக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் ஒரே கதையைச் சொன்னேன். வாத்து குறுக்க வந்துட்டு, பிரேக்கைப் பிடிச்சேன், ரோடு ஈரம், வழுக்கிட்டு. அவ கட்டில்ல சாஞ்சுக்கிட்டு நான் சொல்லுறதைக் கேட்டுக்கிட்டிருப்பா. ஒருநாளாவது "அப்படி இல்ல"ன்னு சொல்லல. நான்தான் அவளுக்குச் சோறு பிசைஞ்சு கொடுத்தேன், தலை வாரி விட்டேன். ஜடை கோணலாப் போகும். "இருக்கட்டும், விடுங்க"ம்பா.

பட்டறையில டப்பாவைத் திறந்து பாத்தேன். நூல் நூலாவே இல்ல. மழை நாள்ல எஞ்சின் மூச்சு விடுறதுல தண்ணியும் சேந்து வரும், சூடு தணிஞ்சதும் அது எண்ணெயோட கலந்து மோர் மாதிரி வெள்ளையாத் திரண்டு போகும். அந்தத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு நூல் ஊதி, அமுங்கி, டப்பா அளவுக்கு ஒரு கட்டியா இறுகிக் கிடந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்தித்தான் வெளிய எடுத்தேன்.

சேக்காளி பழம் வாங்கிட்டு அவளைப் பாக்க வந்தாரு. போகும்போது வாசல்ல நின்னு, "நூலு ஈரம் பட்டா ஊதும்லா வே. எங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கேட்டாலே சொல்லியிருப்பாங்க. நானாவது அன்னைக்கே சொல்லியிருக்கணும், யா அல்லாஹ், என் வாயில வரலயே"ன்னு கண்ணைத் துடைச்சாரு.

"அதெல்லாம் இல்ல பாய். சீல் பழசு"ன்னேன். அவருகிட்டயும் பொய்தான்.

அந்த ரெண்டு மாசமும் பட்டறை வேலை முடிஞ்சதும் வண்டிகிட்டதான் உக்காந்தேன். அலுத்துப்போச்சு எனக்கு. ஒவ்வொரு போல்ட்டைத் திருகும்போதும் அந்தத் தொங்குன கைதான் கண்ணுல வரும். ஆனாலும் இந்தத் தடவை குறுக்கு வழி போகலை. கிராங்க் கேஸ்ல ஓட்டையைப் பெருசாக்கி, பெருவிரல் போற அளவுக்குத் தடிமனான குழாயைப் போட்டேன். குழாய் எஞ்சின்ல இருந்து நேரா மேல ஏறுற மாதிரி, நடுவுல எங்கயும் தொங்காத மாதிரி வச்சேன். ஏறுற வழியிலேயே பாதி எண்ணெய் வடிஞ்சு திரும்ப உள்ள போயிரும். காத்து திரும்பி உள்ள வராம இருக்க, உதட்டு ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு மெல்லிசான எஃகுத் தகட்டுல நாக்கு வச்ச வால்வு ஒண்ணு செஞ்சு மாட்டுனேன். நூல் கிடையாது. தகரத்துல புது டப்பா செஞ்சு, உள்ள மூணு தடுப்புத் தகடு பத்த வச்சேன். காத்து அதுல முட்டி முட்டித் திரும்பும்போது எண்ணெய் தகட்டுல ஒட்டிக் கீழ இறங்கிரும். காத்து போற ஓட்டை, வர்ற ஓட்டையை விடப் பெருசு. அடியில ஒரு திருகு, வாரத்துக்கு ஒருக்கா திறந்து தண்ணியை வடிச்சு விடணும்.

பிஸ்டனையும் பழைய அளவுக்கு மாத்திருவோமான்னு யோசிச்சேன். குடைஞ்ச சிலிண்டரை எங்க மூட? அது போனது போனதுதான்.

கட்டுப் பிரிச்சதும் அவ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புனா. நான் வண்டியை வெளிய எடுத்தேன். "பஸ்ஸுல போயிக்கிடுதேன்"னு மட்டும் சொல்லிட்டு நடந்துட்டா. மறுநாளும் அப்படித்தான். பயந்திருக்கா, போகப் போகச் சரியாயிரும்னு நினைச்சேன். சாயங்காலம் வந்து முட்டு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு உக்காருவா. எழுதிக் கொடுத்துட்டு வந்துரவான்னு முதல் தடவையா அவ வாயில வந்துச்சு. எனக்கு அது தாங்கல. ரெண்டு வருசத்துல ஒரு வருசம் அஞ்சு மாசம் முடிச்சாச்சு. பாதியில வர மாட்டேன்னவளை நான்தான் இங்கன கொண்டு வந்து நிறுத்தியிருக்கேன்.

சரி, சொன்னா நம்ப மாட்டா, காட்டுவோம்னு முடிவு பண்ணேன். பின் டயருக்கு முன்னால வெள்ளை வேட்டித் துணி ஒண்ணை இழுத்துக் கட்டி ஒரு மாசம் ஓட்டுனேன். ஸ்ரீவைகுண்டத்துக்கும் போனேன், மழையிலயும் போனேன், நாலு மூட்டை இரும்பை ஏத்திக்கிட்டும் போனேன். துணியில சேறு உண்டு, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

மாசம் முடிஞ்ச மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்புல போயி அவ முன்னால வண்டியை நிறுத்துனேன். சீட்டைக் கழட்டிப் புது டப்பாவைக் காட்டுனேன். துணியைக் காட்டுனேன். மூடியைத் திருகிக் காட்டுனேன், ஒரு மூச்சுக்கூட வரல. பஸ்ஸுக்கு நிக்கவங்க எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. அவ குனிஞ்சு துணியைத் தொட்டுப் பாத்தா. வலது கை இன்னும் முழுசாத் திரும்பாது, இடது கையாலதான் தொட்டா.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க"ன்னா.

"பின்னே ஏறு. ஆறு மாசந்தான் இருக்கு. முடிச்சுரலாம்."

அவ ஏறல. பையை மாத்திப் பிடிச்சுக்கிட்டு, "அன்னைக்கு வாடை வந்துச்சே, அது லாரிதானா?"ன்னு கேட்டா.

மூணு மாசம் கழிச்சுக் கேக்கா. கோவம் வரும்னு நினைச்சேன். வரல. "இல்ல"ன்னேன். "வீட்டுலயே எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் உன்னை ஏத்துனேன்."

"எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க பொய் சொல்லுதீங்கன்னு. என் கை உங்க தோள்லதானே இருந்துச்சு. பொய் சொன்னா உங்க தோள் கல்லு மாதிரி இறுகிக்கிடும். இத்தனை வருசமாப் பிடிச்சுட்டு வாரேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இறங்க வேண்டியதுதானேட்டி? நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" சத்தம் கூடிப்போச்சுன்னு பக்கத்துல நின்னவரு திரும்பிப் பாத்ததும்தான் எனக்கே தெரிஞ்சுது.

அவ சத்தம் கூட்டல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி நிதானமாச் சொன்னா. "நிறுத்தச் சொன்னா நீங்க அந்த ரோட்டுலயே நின்னு கத்துவீங்க. அப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ பேச மாட்டீங்க. பேசாத மனுசன் பின்னாடி உக்காந்து தினமும் முப்பது கிலோமீட்டர் என்னால போக முடியல. விழுந்தா விழுவோம்னு இருந்துட்டேன்."

டப்பாவுக்குள்ள அடைச்ச காத்துக்கு வழி பண்ணத் தெரியும் எனக்கு, என் கோவத்துக்குத் தெரியல.

பஸ் வந்துட்டு. நிறைய கூட்டம். படிக்கட்டுல நின்ன பையனுங்க ஒதுங்கி வழி விட்டாங்க. அவ இடது கையால கம்பியைப் பிடிச்சு, ஒவ்வொரு காலா எடுத்து வச்சு ஏறுனா. உள்ள ஒரு இடமும் இல்ல. ஜன்னல் வழியாப் பாத்தேன், நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. பஸ் கிளம்பிட்டு.